தண்ணீர்மலை ஊரில் கெளுத்திக் குஞ்சுகள்

ஜார்ஜ்டவுனில் சாயங்கால மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் இரண்டு பேர் எழுந்து ஓடுவோம். அம்மா துணிக்கொடிக்கு, நான் மீன்தொட்டிக்கு. மழை பெய்து காற்று குளிர்ந்தால் கெளுத்தி மீன்களுக்கு முட்டையிடும் எண்ணம் வரும். காலையில் கண்ணாடியில் முத்துமுத்தாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்கான தயாரிப்பு முதல்நாள் மாலையே தொடங்கிவிடும்.

வீடு ஜெலுத்தோங் பக்கம் ஓர் அடுக்குமாடி. தொட்டி மூன்றடி நீளம், சுமார் 150 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் பன்னிரண்டு கார்டினல் டெட்ராக்கள், சில கப்பிகள், அடித்தரையில் ஆறு கோரிடோராஸ் கெளுத்திகள். பல இனங்கள் சேர்ந்து வாழும் சமூகத் தொட்டி. பார்க்க அழகு. ஆனால், குஞ்சு பொரிக்க இதைவிட ஆபத்தான இடம் வேறில்லை. டெட்ராவுக்கு முட்டை என்றால் உயிர். கப்பிக்குக் குஞ்சு என்றால் உயிர். பெற்ற கெளுத்திகளே தம் முட்டையைத் தின்றுவிடும்.

"கெளுத்தியைக் குழம்பு வெச்ச வீட்டுல கெளுத்திக்குச் சோறு ஊட்டுறீங்களே" என்று அம்மா முதலில் சிரித்தார். சந்தையில் நாம் வாங்கும் கெலியும் இந்தக் குட்டி மீனும் தூரத்துச் சொந்தம்தான். மீசை இரண்டுக்கும் உண்டு, துடுப்பில் முள்ளும் உண்டு. கெடாவில் வயலோரம் வளர்ந்த அப்பாவின் கையில் கெலி குத்திய தழும்பு இன்னும் இருக்கிறது. கோரிடோராஸ் வளர்ந்தாலும் இரண்டரை அங்குலம்தான். உடம்பில் செதிலுக்குப் பதில் இரண்டு வரிசைக் கவசத் தகடுகள். கிரேக்கச் சொல்லில் 'தலைக்கவசம்' என்று பொருள்படும் பகுதி அதன் பெயரிலேயே இருக்கிறது.

வெப்பம் தாங்கும் மீன்

தென் அமெரிக்க ஆறுகளில் பிறந்த இந்த மீன்களுக்கு பினாங்கின் புழுக்கம் பெரிய சோதனை. கடைகளில் அதிகம் கிடைக்கும் வெண்கலக் கெளுத்திக்கு 22 முதல் 27 டிகிரி வரை சுகம். எங்கள் வீட்டுத் தொட்டி ஒன்றும் செய்யாமல் விட்டால் பகலில் 30 டிகிரியைத் தொடும்.

ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு மீன்கடைக்காரர்தான் வழி சொன்னார். சீனர், வயதானவர். இருண்ட உடம்பில் வெள்ளைப் புள்ளிகளும் ஆரஞ்சு நிற முள்துடுப்பும் கொண்ட மீனைக் காட்டி, "இனி தாஹான் பானாஸ், பாஸ்" என்றார். இது சூடு தாங்கும் என்று பொருள். அதுதான் ஸ்டெர்பாய் கோரிடோராஸ். பிரேசில் - பொலிவியா எல்லையில் ஓடும் குவாப்போரே ஆற்றுப் பகுதி இதன் தாயகம். 1962இல் அறிவியல் பெயர் சூட்டியபோது, குந்தர் ஸ்டெர்பா என்ற ஜெர்மானிய மீனியல் பேராசிரியரின் பெயரை வைத்தார்கள்.

கடைக்காரருக்கு இது தெரிந்திருந்ததில் வியப்பில்லை. பினாங்கு டிஸ்கஸ் மீன் வளர்ப்புக்குப் பேர்போன ஊர். பினாங்கு பெயரையே தாங்கிய டிஸ்கஸ் வகை ஒன்று வெளிநாட்டு மீன் வளர்ப்பாளர்களிடமும் புழக்கத்தில் இருக்கிறது. தட்டுப்போல் வட்டமான அந்த மீனுக்கு 28, 30 டிகிரி வெப்பம் வேண்டும். அதோடு சேர்ந்து வாழக்கூடிய கெளுத்தி எது என்று தேடியவர்கள் கண்டெடுத்ததுதான் ஸ்டெர்பாய். சென்னைக்குக் கொளத்தூர் எப்படியோ, மலேசிய மீன்பிரியர்களுக்கு பினாங்கும் அப்படி ஓர் ஊர்.

சூடு தாங்கும் மீன் என்றாலும் முட்டையிடக் குளிர்ச்சி தேவை. தொட்டியின் மூடியைத் திறந்து, தண்ணீர்ப் பரப்பில் படும்படி ஒரு சின்ன மின்விசிறி வைத்தேன். நீர் ஆவியாகும்போது இரண்டு மூன்று டிகிரி குறையும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான்.

ஊரும் தண்ணீரும்

மீன் வளர்ப்பவன் முதலில் தெரிந்துகொள்வது மீனை அல்ல, தன் ஊர்த் தண்ணீரை. பினாங்கில் அந்தக் கதை சுவையானது.

தைப்பூசத்துக்கு நாம் ஏறும் பாலதண்டாயுதபாணி கோயில் மலைக்குத் தமிழர் வைத்த பெயரே தண்ணீர்மலை. பக்கத்தில் விழும் அருவிதான் காரணம். 1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய பிறகு வளர்ந்த ஊருக்கும், துறைமுகத்துக்கு வந்த கப்பல்களுக்கும் அந்த அருவித் தண்ணீர் பெரிய துணையாக இருந்தது. ஜாலான் பர்மாவைப் பினாங்கு ஹொக்கியன் சீனர்கள் இன்றும் 'தண்ணீர் வண்டிச் சாலை' என்று பொருள்படும் பெயரில்தான் அழைக்கிறார்கள். மாட்டு வண்டிகளில் தண்ணீர் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்த காலத்தின் மிச்சம் அது. 1962இல் ஆயர் ஈத்தாம் அணை வந்தது.

இன்று மாநிலத்தின் மூலநீரில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் கெடா எல்லையில் ஓடும் சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது. செபராங் பிறையிலுள்ள சுங்கை டுவா நிலையத்தில் சுத்தமாகி, கடலடிக் குழாய் வழியாகத் தீவுக்கு வந்து சேர்கிறது. எங்கள் தொட்டியில் நீந்தும் கெளுத்தி, ஒரு வகையில் அப்பா பிறந்த கெடாவின் ஆற்றில்தான் நீந்துகிறது. அப்பாவுக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். நமக்கு அது பாதுகாப்பு. மீனின் செவுளுக்கு எரிச்சல், குஞ்சுக்கு மரணம். ஒரு நாள் முழுக்க வாளியில் பிடித்து வைத்துக் காற்றுக்குமிழி விட்டால் குளோரின் பறந்துவிடும். அவசரத்துக்குக் கடையில் விற்கும் 'ஆன்டி குளோரின்' படிகம் இருக்கிறது.

முட்டை வந்த காலை

2023 டிசம்பர் கடைசி வாரம். இரண்டு நாள் மழை. பிடித்து வைத்த தண்ணீரில் உறைந்த தண்ணீர்ப் போத்தலை மிதக்க விட்டுக் குளிரவைத்து, தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றினேன். மலையில் பெய்த மழைவெள்ளம் ஆற்றில் கலப்பதாக மீன் நினைத்துக்கொள்ளும்.

மறுநாள் விடிகாலை ஆண்கள் பெண்ணைத் துரத்திக்கொண்டிருந்தன. கோரிடோராஸ் இணையும் விதம் விசித்திரமானது. ஆண் குறுக்காக நிற்க, பெண் அதன் வயிற்றில் வாயை வைக்கும். மேலிருந்து பார்த்தால் ஆங்கில 'டி' எழுத்து போல் இருக்கும். பெண், ஆணின் விந்தை வாயால் வாங்கி, அது குடல் வழியாக விரைவாக வெளியேறி, அடித்துடுப்புகளைச் சேர்த்து அமைத்த பையில் வைத்திருக்கும் முட்டைகளோடு சேர்கிறது. வெண்கலக் கெளுத்தியிடம் இதைக் கண்டறிந்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்டார்கள். முட்டையைச் சுமந்துகொண்டு பெண் கண்ணாடியில் ஓரிடத்தை வாயால் சுத்தம் செய்து, அங்கே ஒட்டிவிட்டு, அடுத்ததற்குப் போகும்.

எட்டு வயது அக்கா மகள் எண்ணினாள். முப்பத்துநான்கு. அவள் எண்ணி முடிப்பதற்குள் டெட்ராக்கள் கூடிவிட்டன.

முட்டை இட்டுச் சற்று நேரத்தில் ஓடு கெட்டிப்படும். பிறகு விரல் நுனியால் மெல்ல உருட்டினால் கண்ணாடியிலிருந்து பிரிந்து வரும், உடையாது. பிரித்தெடுத்து, தொட்டியின் உள்பக்கமே தொங்கவிடும் வலைப்பெட்டியில் போட்டேன். தனித் தொட்டி வைப்பது பலர் வழக்கம். ஆனால், சிறு தொட்டியில் தண்ணீர் சீக்கிரம் கெடும், சூடும் ஏறி இறங்கும். பெட்டி பெரிய தொட்டிக்குள்ளேயே தொங்கினால் 150 லிட்டர் பழகிய தண்ணீர் குஞ்சுக்குக் காவல். எதிரிகள் வலைக்கு வெளியே. இட நெருக்கடியான அடுக்குமாடி வீட்டுக்கு இதுவே சரியான வழி.

பெட்டிக்குள் ஒரு காய்ந்த கெத்தாபாங் இலை. தமிழ்நாட்டில் நாட்டுவாதுமை என்பார்கள். நம் கடற்கரையோரம் நிழல் தரும் அகன்ற இலை மரம். கீழே சிவந்து உதிரும் இலையைக் கழுவிக் காயவைத்துப் போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும். அதன் துவர்ப்பு பூஞ்சையை அடக்கும் என்பது இந்த வட்டார மீன் வளர்ப்பாளர்களின் நெடுநாள் அனுபவம். கூடவே சின்னக் குமிழிக் கல் ஒன்று. முட்டையைச் சுற்றித் தண்ணீர் அசைந்துகொண்டே இருக்க வேண்டும்.

உயிருள்ள முட்டை மெல்லப் பழுப்பாகும், உள்ளே இரண்டு கறுப்புக் கண்கள் தெரியும். கருத்தரிக்காதது வெள்ளையாகிப் பஞ்சு பூக்கும். அதை உடனே எடுக்காவிட்டால் பக்கத்து முட்டைக்கும் பரவும். பதினொன்று அப்படிப் போயின. நான்காம் நாள், ஆங்கிலப் புத்தாண்டு அன்று, மீதி இருபத்துமூன்றும் பொரிந்தன. வாலோடு ஒரு துளி கஞ்சி மாதிரி. மீசை அப்போதே முளைத்திருந்தது.

முதல் சோறு

முதல் இரண்டு நாள் எதுவும் போடக்கூடாது. வயிற்றில் ஒட்டிய கருப்பையே அவற்றின் கட்டுச்சோறு. அது கரைந்தபின் உயிருள்ள இரை வேண்டும், அதுவும் வாய்க்கு அடங்கும் அளவில்.

ஆர்டீமியா என்ற உவர்நீர் இறாலின் உறைமுட்டைகள் கடையில் டப்பாவில் கிடைக்கும். காபித்தூள் போல் இருக்கும். உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்று விட்டு வெளிச்சத்தில் வைத்தால் ஒரு நாளில் பொரியும். குளிர்நாடுகளில் இதற்குச் சூடேற்றி வேண்டும். பினாங்கு வெப்பம் இங்கே நமக்குச் சாதகம், சமையலறை மேசையே போதும். வடிகட்டி, நல்ல தண்ணீரில் உப்பு போக அலசி, சொட்டுக்குழாயில் எடுத்துக் குஞ்சுகளின் முன்னால் விட வேண்டும். பத்து நிமிடத்தில் ஒவ்வொரு வயிறும் இளஞ்சிவப்பாகத் தெரியும். யார் சாப்பிட்டது, யார் சாப்பிடவில்லை என்று பார்த்தே சொல்லிவிடலாம். பள்ளிக்குக் கிளம்பும் முன் அக்கா மகள் அந்தக் கணக்கெடுப்பை ஒரு நாளும் விட்டதில்லை. ஓட்ஸ் கஞ்சியில் வளரும் நுண்புழுக்களும் நல்ல தீனி. தீனிக்கு வழியில்லாதபோது அவித்த மஞ்சள் கரு துளி உதவும், ஆனால் அது தண்ணீரை வேகமாகக் கெடுக்கும்.

கெளுத்திக் குஞ்சு பட்டினியால் சாவதைவிட அழுக்கால் சாவதே அதிகம். கப்பிக் குஞ்சு மேலே நீந்தித் தப்பிக்கும். கெளுத்தி பிறந்த நாளிலிருந்து வயிறு தரையில் பட வாழ்வது. மிஞ்சிய இரை அழுகிய இடத்திலேயே அது படுத்திருக்கும். காலையும் மாலையும் பெட்டியின் அடியைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து, மெல்லிய குழாயால் கசடை உறிஞ்சி எடுப்பேன். அப்படியும் முதல் வாரத்தில் நான்கு போயின. பத்தொன்பது மிஞ்சின.

இன்னொரு கவனிப்பு. கோரிடோராஸ் அவ்வப்போது விருட்டென்று மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். அதன் பின்குடலே நுரையீரல் போல் வேலை செய்யும். குஞ்சும் அப்படித்தான். பெட்டியில் மேற்பரப்பு திறந்திருக்க வேண்டும், ஆழம் குறைவாக இருக்க வேண்டும்.

தண்ணீர் இல்லாத நான்கு நாள்

குஞ்சுகளுக்கு ஒன்பது நாள் வயதானபோது வந்தது அந்தத் தண்ணீர்த் தடை. பினாங்குக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2024 ஜனவரி 10 முதல் 14 வரை, சுங்கை டுவா நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்றுவதற்காக முன்கூட்டியே அறிவித்துச் செய்த தடை. கடைகளில் வாளியும் பீப்பாயும் விற்றுத் தீர்ந்தன. வீட்டில் பிடிக்க முடிந்த பாத்திரத்தில் எல்லாம் பிடித்து வைத்தோம்.

அப்போதுதான் வீட்டில் பேச்சு எழுந்தது. எனக்கு மீனுக்கென்று நான்கு வாளி வேண்டும். அம்மா ஒப்பவில்லை.

"அப்பா ரெண்டு வேள குளிக்கணும், மருந்து சாப்பிடறவரு. மனுசனுக்கே அளந்து ஊத்தறப்ப மீனுக்கு நாலு வாளியா?"

அம்மா சொன்னது நியாயம். இரண்டு வாளி என்று முடிவானது. இரண்டே வாளியில் நான்கு நாள் ஓட்டக் கணக்குப் போட்டேன்.

முதலில் தீனியைக் குறைத்தேன். பெரிய மீன்களுக்கு நான்கு நாளும் விரதம். ஆரோக்கியமான மீனுக்கு அது ஒன்றும் செய்யாது. போட்ட தீனிதான் கழிவாகி அம்மோனியாவாக மாறும். தீனி இல்லையென்றால் தண்ணீர் மாற்றும் தேவையும் குறைவு. குஞ்சுகளுக்கு மட்டும் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, பாதி அளவு. பெட்டித் துடைப்பை மட்டும் விடவில்லை. உறிஞ்சியெடுத்த தண்ணீருக்குப் பதில் தினமும் அரை வாளி. வடிகட்டியை நிறுத்தவோ கழுவவோ கூடாது, அதன் பஞ்சில் வாழும் நுண்ணுயிர்கள்தான் கழிவை உண்டு தொட்டியைக் காப்பவை.

இரண்டாம் நாள் அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார். தொட்டியிலிருந்து எடுத்த அழுக்குத் தண்ணீரை நான் வழக்கம்போல் கருவேப்பிலைத் தொட்டிக்கு எடுத்துப்போனேன். "அத இங்க கொண்டா" என்று வாங்கி, கழிவறையில் ஊற்றினார். மீன் குடித்த தண்ணீர் இரண்டாம் முறை உழைத்தது. அன்று மாலை மூன்றாவது வாளி ஒன்று, யாரும் பேசாமலே, தொட்டியின் பக்கத்தில் வந்து நின்றது. அப்பா ஒரு வேளைக் குளியலை விட்டுவிட்டு ஈரத்துணியால் துடைத்துக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த நான்கு நாளில் இரண்டு குஞ்சுகள் இறந்தன. பதினேழு பிழைத்தன. குழாயில் மறுபடி தண்ணீர் வந்தபோது முதலில் கலங்கலாக வந்தது. அதை விட்டுவிட்டு, தெளிந்தபின் பிடித்து, ஒரு நாள் காற்றாட வைத்து, அதன்பிறகே தொட்டிக்கு.

பதினொரு நாள் கழித்து, ஜனவரி 25, தைப்பூசம். தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப்பந்தல். அப்பா வழக்கம்போல் ஒரு பந்தலில் நின்று வருவோர் போவோருக்கெல்லாம் குவளை நீட்டினார். அந்த வருடம் குவளையை வாங்கியவர்கள் ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்ததாகச் சொன்னார்.

யாருக்குக் கொடுப்பது

ஒரு மாதம் தாண்டியதும் குஞ்சுகளுக்குத் தாயின் புள்ளிகள் தெரியத் தொடங்கின. இரண்டு மாதத்துக்குப் பின், டெட்ராவின் வாய்க்கு அடங்காத அளவு வந்ததும் பெட்டியிலிருந்து திறந்துவிட்டேன். ஆனால், பதினேழையும் வைத்துக்கொள்ள இடமில்லை. குஞ்சு வளர்ப்பவர்கள் எல்லாரும் வந்து நிற்கும் கேள்வி இது.

எளிய வழி ஒன்று உண்டு, தவறான வழி. லோங்காங்கில் விட்டுவிடுவது. நம் சாக்கடைகளில் துள்ளும் கப்பிகள் டிரினிடாட் பக்கத்துத் தென் அமெரிக்க மீன்கள். வந்த இடத்தில் குடியேறிவிட்டன. அதைவிடப் பெரிய பாடம் 'ஈக்கான் பண்டாராயா'. தொட்டிக் கண்ணாடியை நக்கிச் சுத்தம் செய்யும் உறிஞ்சுவாய்க் கெளுத்திக்கு மலாய்க்காரர் வைத்த பெயர் அது, மாநகராட்சி மீன்! 1957 ஜனவரி 1இல் மாநகரான ஜார்ஜ்டவுனில் இந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும். கடையில் சுண்டுவிரல் அளவு, வளர்ந்தால் ஒன்றரை அடி. தொட்டிக்கு அடங்காமல் போனதும் ஆற்றில் விட்டார்கள். இன்று கிள்ளான், லங்காட் ஆறுகளில் கூட்டம் கூட்டமாக இருக்கிறது. கரையைக் குடைகிறது, உள்ளூர் மீனின் இடத்தைப் பிடிக்கிறது, வலையைக் கிழிக்கிறது. தமிழ்நாட்டு ஏரிகளிலும் இதே தொல்லை. மாநகராட்சி மீனைப் பிடிக்க மாநகராட்சியே வலை எடுக்கும் காலம் வந்துவிட்டது.

அதனால் பதினேழுக்கும் வீடு தேடினேன். ஐந்து எங்களோடு. ஆறு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் ஒருவருக்கு. மீதி ஆறும் ஆயர் ஈத்தாம் கடைக்கே திரும்பின. கடைக்காரர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மீசை தேயாமல் இருக்கிறதா என்று சோதித்தார். அடித்தளம் அழுக்காக இருந்தால் முதலில் அழுகுவது மீசைதான். எல்லாவற்றுக்கும் மீசை முழுதாக இருந்தது. பதிலுக்கு இரண்டு பொட்டலம் தீனி கொடுத்தார். வாங்கிப்போன இருவரிடமும் ஒரே நிபந்தனை வைத்தேன்: வேண்டாம் என்றால் என்னிடமே திருப்பிக் கொடுங்கள், லோங்காங்கில் மட்டும் விடாதீர்கள்.

நீங்களும் தொடங்க நினைத்தால் சில வார்த்தைகள். கோரிடோராஸ் கூட்டமாக வாழும் மீன், ஆறுக்குக் குறையாமல் வாங்குங்கள். நம் வெப்பத்துக்கு ஸ்டெர்பாயைக் கேளுங்கள். கூரிய கல்லைத் தவிர்த்து மெல்லிய மணல் போடுங்கள். முட்டையைக் கண்டபிறகு பெட்டி தேடி ஓடாதீர்கள், பெட்டியும் ஆர்டீமியாவும் முன்பே வீட்டில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் அம்மா இன்னொன்றையும் சேர்த்திருக்கிறார். சமையலறை மூலையில் மூடி போட்ட இரண்டு வாளிகள் எப்போதும் நிரம்பியிருக்கின்றன. ஒன்று எங்களுக்கு, ஒன்று மீனுக்கு. எது எவருக்கு என்று இதுவரை யாரும் எழுதி ஒட்டவில்லை.